பிஷப் அய்யா கேட்டார், ராபின்சன் எழுந்தார்

பாறசாலை,
1955 மே

கர்த்தருடைய கிருபையால் கொழும்பில் செழித்திருக்கும் அத்தான் ஜெயதாஸ் அவர்களுக்கு, மைத்துனன் ராஜையா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். அக்காளும் பிள்ளைகளும் அங்கே சுகமென்று நம்புகிறேன்.

என் மூத்தவள் ஜெயபாய் கல்யாணம் நடந்துவிட்டது. ஒரே சொல்லில் எழுதிவிட்டேனே தவிர, பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடத்திவைக்க ஒரு பிஷப்பையே அழைத்திருந்தேன். நம்முடையது பழைய லண்டன் மிஷன் கோயில், பிஷப் என்றாலே நமக்குப் புதுசு. இவரோ இங்கிலாந்தின் ஆங்கிலிகன் சபைக்காரர். வாலிபத்தில் கப்பலேறி, திருநெல்வேலியில் வாத்தியாராகி, கோட்டயத்தில் குருவாகி, பிறகு பிஷப்பாகி, இப்போது ஓய்வில் இருக்கிறார். நம் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேருவதா, மலையாளத்தோடேயே நிற்பதா என்ற எல்லைத் தகராறில் வழியெல்லாம் மறியல். முதலில் தமிழ்க் கட்சியார் அவர் காரை மறித்தார்கள். அய்யா திருநெல்வேலித் தமிழில் பேசினார், மாலை போட்டு அனுப்பினார்கள். அடுத்த வளைவில் மலையாளக் கட்சி. கோட்டயத்து மலையாளத்தில் பேசினார், இன்னொரு மாலை. கோயிலில் வந்து இறங்கும்போது மாப்பிள்ளையைவிட அவர் கழுத்தில்தான் மாலை அதிகம்.

"இவ்விருவரும் இணைவதற்குத் தடை அறிந்தவர் இப்போதே சொல்லக்கடவர்" என்று அய்யா வழக்கப்படி கேட்டார். நாங்களும் வழக்கப்படி இருமிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வெள்ளறடைக்காரர் அல்லவா, அவருடைய தாய்மாமன் ராபின்சன் எழுந்துவிட்டார்!

"எனக்குத் தடை உண்டு அய்யா. பாறசாலை தமிழ்நாட்டுக்குப் போயி, வெள்ளறடை இஞ்ச கெடந்தா நடுவுல சுங்கச் சாவடி வரும் ஆக்கும். எங்க பய மாமியார் வீட்டுக்குப் போவ சீட்டு எடுக்கணுமா?"

ஜெயபாய் முக்காட்டுக்குள் அழுகிறாள். "எலே ராபின்சா, இருல அங்க!" என்று நான் கத்த, அவர் பக்கத்தார் எழும்ப, நம் பக்கத்தார் எழும்ப, கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

பிஷப் அய்யா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்படி ஒரு சந்தோஷம். "நாற்பது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன், இன்றைக்குத்தான் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்! உட்காராதேயும், விசாரிப்போம். மாப்பிள்ளைக்கு வேறே பெண்சாதி உண்டோ?"

"அய்யோ, இல்ல."

"இருவரும் உடன்பிறந்தாரோ?"

"இல்லவே இல்ல அய்யா."

"எல்லைக்கோடு தடையென்று ஜெபப் புத்தகத்தில் இருக்கிறதோ?"

ராபின்சன் தலையைச் சொறிந்தார். அய்யா சிரிப்பை நிறுத்தினார். "எனக்கும் ஒரு பெண் நிச்சயமாயிருந்தது. நடுவில் சமுத்திரம் கிடக்கிறதென்று அவள் மாமன் தடை சொன்னார், நான் கீழ்ப்படிந்தேன். அதனால்தான் பிஷப்பானேன். சாயங்காலங்களில் எனக்கு வேறே வேலை இல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது அத்தான். ராபின்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தடை ஒந்நும் இல்ல அய்யா, தாலிய வேகம் கெட்டச் சொல்லும்" என்று உட்கார்ந்தார். தாலி ஏறியது. பந்தியில் என் பக்கத்தில்தான் இருந்தார். "எல்லை கெடக்கட்டு ஓய், பாயசம் விடச் சொல்லும்" என்றார். எல்லையாவது மண்ணாங்கட்டியாவது, பிள்ளைகள் சந்தோஷம்தான் பெரிது என்று எனக்கும் தெளிந்துவிட்டது.

அக்காளுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் கடையையும் கடைக்கு வருகிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
ராஜையா

பி.கு.: இளையவள் ஆனந்தபாய்க்கு நாகர்கோவிலில் தாங்கள் பார்த்திருக்கும் பையனுக்கு வேலை உண்டு, குணம் உண்டு, எல்லாம் சரிதான். ஆனால் நாகர்கோவில் எந்தப் பக்கம் போகும், நாங்கள் எந்தப் பக்கம் போவோம் என்று தெரிந்த பிறகு பேசினால் போதாதா? என் பிள்ளையைப் பார்க்க நான் சாவடிக்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கவா? இதை என் தோளுக்கு மேலே நின்று படித்துவிட்டு, ஆனந்தபாய் பிஷப் அய்யாவின் விலாசத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.