செனட்டர் ஹாலோரன் வெறும் பலூன் என்று நான் நிரூபித்த விதம்

அன்புள்ள மச்சான் டேரலுக்கு,

உன் அக்காவின் கணவன் ஆர்லின் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் மார்செல்லாவும் இங்கே சுகம். அரிசோனா வெயிலில் நீயும் உன் இடுப்பு வலியும் ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நன்றி நாள் விருந்தன்று வாயில் வான்கோழியை வைத்துக்கொண்டே நீ தொலைபேசியில் என்ன சொன்னாய்? "எழுதி வெச்சுக்கோங்க அத்தான், ஹாலோரன்தான் அடுத்த அதிபர். உங்களுக்கு அரசியலும் தெரியாது, ஆளையும் தெரியாது." அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை நம் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில், ஊரே பார்த்திருக்க, உன் அக்காவை விவாதத்தில் ஜெயித்துவிட்டேன். ஆமாம், உன் அக்காவைத்தான். வேண்டுமானால் இன்னொரு முறை படித்துக்கொள்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ அயோவாவை விட்டுப் போய் வெகுநாளாகிறது என்றாலும், வேட்பாளர் தேர்தல் இங்கேதான் முதலில் தொடங்கும், அதனால் அதிபராக ஆசைப்படுகிறவன் எவனும் முதலில் நம் ஊர்க் கதவைத்தான் தட்டுவான் என்பதை மறந்திருக்க மாட்டாய். இந்தத் தடவை எல்லோர் வாயிலும் ப்ரைஸ் ஹாலோரன்தான். பத்திரிகையைத் திறந்தால் அவர், தொலைக்காட்சியைப் போட்டால் அவர், என் வீட்டுக் கதவைத் திறந்தாலும் அவர்தான், ஏனென்றால் உன் அக்கா அவர் முகம் போட்ட பிரசாரப் பலகையை வாசலில் நட்டுவிட்டாள், அதோடு நிற்காமல் மாவட்டப் பொறுப்பையும் வாங்கிக்கொண்டாள், சமையலறை மேசை முழுக்கத் துண்டுப் பிரசுரம், நான் சூப்புக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஒருநாள் சூப்பு அவர் முகத்தில் சிந்திவிட்டது. பிரசுரத்தில் இருந்த முகத்தைச் சொல்கிறேன். "வேணும்னே பண்றீங்க" என்றாள். "உப்பில்லாத சூப்பு, அவர் பேச்சுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றேன். அன்றிலிருந்து சூப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

நான் ஆதரித்த வேட்பாளர்கள் எல்லாரும் வரிசையாக மண்ணைக் கவ்வியவர்கள் என்பது உனக்கே தெரியும். கூட்டுறவுச் சங்கத்துக் காப்பி மேசையில், "ஆர்லின், உனக்குப் புண்ணியமாப் போகும், எங்க ஆளை மட்டும் ஆதரிச்சுடாதப்பா" என்று கும்பிடுவார்கள். ஆயுசு முழுக்க விதை விற்றவனுக்கு எது முளைக்கும், எது முளைக்காது என்று தெரியாதா? யாரும் கேட்பதில்லை. கடைசியில் போதகர் நூட்சன்தான், "வீட்டுக்குள்ள பேசாம இருக்கறதுக்கு எங்க எல்லார் முன்னாடியும் பேசிடுங்களேன்" என்று, ஞாயிறு மதிய உணவுக்குப் பிறகு விவாதம் வைத்தார். தலைப்பு: ஹாலோரன் அதிபராவார் என்பது நிஜமா, ஊதிப் பெருக்கியதா? தோற்கிறவர் ஜெயித்தவர் கட்சிக்கு வாயை மூடிக்கொண்டு வழிவிட வேண்டும் என்று உன் அக்கா நிபந்தனை போட்டாள். அவள் எந்த விவாதத்திலும் தோற்றதில்லை என்ற தைரியம்.

அன்றைக்கு அவள் தான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு தன் காரில் முன்னால் போய்விட்டாள். நான் தனியாக என் டிரக்கில் பேச்சை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "ஊராரே!" என்று கையை வீசினேன் பார், பனியில் வண்டி வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. கதவைத் திறந்ததும் என் குறிப்புகள் காற்றோடு பறந்து சோளக் காட்டுக்குள் போயின. நல்ல காலம், ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஓட்டியது ஒரு பெண்மணி. பக்கத்திலிருந்து கம்பளித் தொப்பியும், மூக்கு வரை சுற்றிய கழுத்துத் துணியுமாக ஒருவர் இறங்கி, டிரக்கைத் தள்ளிப் பார்த்து, வழுக்கி என்மேலேயே விழுந்தார். காப்பீடு விற்கிற ஆட்கள் போல என்று நினைத்தேன்.

"விடுங்க ஐயா, இது நகராது. எங்க போகணும், சொல்லுங்க, கொண்டுபோய் விடுறோம்" என்றார்.

காரில் விஷயத்தைச் சொன்னேன். குறிப்பெல்லாம் போச்சே என்று புலம்பினேன். அவர் கழுத்துத் துணியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு ஹாலோரனை ஓரளவு தெரியும்" என்றார். "நீங்க சொல்றது சரிதான். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பேச்சு, ஊர் பேரை மட்டும் மாத்துவார். ஒரு தடவை அதையும் மாத்த மறந்துட்டார்."

ஓட்டிக்கொண்டிருந்த பெண்மணிக்கு இருமல் வந்துவிட்டது.

"அப்புறம்?" என்றேன்.

"மேடையில சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கறாரே, அது தானா வந்த பழக்கம் இல்லை. எந்த இடத்துல மடிக்கணும்னு சொல்லித்தர ஒரு ஆள் இருக்கார். சோயா வயலைப் பார்த்துட்டு, சோளம் அருமையா வந்திருக்குன்னு சொன்னவர் அவர்."

"சோயாவையா!"

"ஆமாங்க. பத்திரிகைல அவரைப் பத்தி வர்றதைப் படிச்சா எனக்கே கூச்சமா இருக்கும். பத்திரிகைல வர்ற அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா நானே போய் ஓட்டுப் போட்டுருவேன்."

இப்படி ஒரு தங்கமான மனுஷன் காப்பீடு விற்றுக்கொண்டு அலைகிறாரே என்று வருத்தப்பட்டேன். தேவாலயம் வந்ததும், உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்கள்.

உன் அக்கா முதலில் பேசினாள். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், நன்றாகத்தான் பேசினாள். "மத்தவங்க எல்லாம் நம்ம வீட்டுக்கு வந்து அவங்க கதையைச் சொல்றாங்க. இவர் ஒருத்தர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நம்ம கதையைக் கேட்கிறார். எங்க வீட்டுல கூட எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்று என்னைப் பார்த்தாள். பெண்கள் பக்கம் கைதட்டல் கூரையைத் தொட்டது.

நான் எழுந்தேன். ஒரே பேச்சு, மறந்த ஊர்ப் பெயர், மடித்த சட்டைக் கை என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். சிரிப்பு ஆரம்பித்தது. சோயாவை எடுத்தேன் பார், விவசாயிகள் மேசையைத் தட்டினார்கள், டேரல்! காப்பிக் கோப்பைகள் குதித்தன. "இதெல்லாம் யார் சொன்னது?" என்று மார்செல்லா கத்தினாள். "அவரை நெருங்கிப் பழகினவர் சொன்னது!" என்று நானும் கத்தினேன்.

போதகர் கைதூக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் சரிசமம். தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி எண்ணினார், அப்போதும் சமம். அப்போது கடைசி வரிசையில் ஒரு கை, என் பக்கத்துக்கு, மெதுவாக உயர்ந்தது.

"நீங்க யாரு சகோதரரே?" என்றார் போதகர்.

அவர் எழுந்து தொப்பியையும் கழுத்துத் துணியையும் கழற்றினார். வாசல் பலகையில் தினமும் நான் முறைத்துப் பார்க்கிற அதே முகம்.

"ப்ரைஸ் ஹாலோரன். ஐயா சொன்னதுல ஒண்ணு கூடப் பொய்யில்லை. சோயா விஷயத்துக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

உன் அக்கா கையிலிருந்த ஆப்பிள் பை தட்டோடு தரையில் கவிழ்ந்தது. ஆனாலும் வெற்றி வெற்றிதான். வேட்பாளரே எனக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்! இப்படி ஒரு வெற்றி இந்த நாட்டில் வேறு யாருக்காவது கிடைத்திருக்கிறதா, விசாரித்துச் சொல். பிறகு என் டிரக்கை இழுக்க அவரும் வந்தார். கயிறு கட்டத் தெரியவில்லை. நான்தான் சொல்லிக் கொடுத்தேன், பொறுமையாகக் கற்றுக்கொண்டார். அன்றிரவு உன் அக்கா, "சரி, ஜெயிச்சுட்டீங்க" என்றாள். சூப்பு கொடுத்தாள். உப்பு இருந்தது.

ஆகவே மச்சான், அந்த ஆள் வெறும் பலூன் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி முடிவாகிவிட்டது. இனி அதைப் பற்றி நீ வாயைத் திறக்கக் கூடாது. கர்த்தர் உன்னையும் பெவர்லியையும் பிள்ளைகளையும் ஆசீர்வதித்து, உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல இடுப்பும் அருள்வாராக.

வெற்றி பெற்ற உன் அத்தான்,
ஆர்லின் ஹோல்வெக்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சின்ன விஷயம். தனக்கு எதிராக அவரே கைதூக்கியதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் விட, நாடு முழுக்கப் பார்த்துவிட்டார்களாம். "இப்படி ஒரு நேர்மையான ஆளா!" என்று ஒரே பேச்சு. இன்றைய கருத்துக் கணிப்பில் எல்லோரையும் தாண்டி முதலிடத்துக்குப் போய்விட்டார். சனிக்கிழமை பெரிய கூட்டம், அவரை மேடையில் அறிமுகப்படுத்தி நான்தான் பேச வேண்டுமாம், அவரே தொலைபேசியில் கேட்டார். கேட்ட விதம் அப்படி, மறுக்க முடியவில்லை, ஒத்துக்கொண்டுவிட்டேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு விஷயம் உனக்குத் தெரிந்தால் உடனே எழுதி அனுப்பு. எனக்கு மற்றதுதான் தெரியும்.