சோதனையில் தேறிய நாற்காலி

"என்னங்க அது சத்தம்?" சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

புது பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நான்கு சிமெண்டு மூட்டைகளுக்கு அடியில் கால் பரப்பிக் கிடந்தது. நோட்டும் கையுமாக நின்ற இன்ஜினீயர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

"இருநூறு கிலோவுலதான் உடைஞ்சுது. உங்கப்பா நூத்திப் பத்துதானே?"

போன வருஷம் இதே கூடத்தில்தான் மாமனார் நாற்காலி முறிந்து மல்லாந்து விழுந்தார். அன்று கோபித்துக்கொண்டு போனவர், மகள் கெஞ்சிக் கூத்தாடியதில் இன்றுதான் மறுபடி வருகிறார். இன்னொரு தடவை விழுந்தால் உறவே அறுந்துவிடும். அதற்காகவே ஆறு புது நாற்காலிகள் வாங்கியிருந்தாள். இன்ஜினீயரோ கட்டடங்களின் நம்பகத்தன்மையைக் கணக்கிடும் மாலை வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கை சும்மா இருக்குமா?

"அதான் தெரிஞ்சுபோச்சே, விடுங்க."

"ஒண்ணை வச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா. ஒரே அச்சுல வார்த்தாலும் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு பலம். அந்த ஏற்ற இறக்கம்தான் பாடமே!"

இரண்டாவது நாற்காலி மூன்றாம் மூட்டைக்கே மடங்கியது. இன்ஜினீயருக்கு லேசாக வியர்த்தது. சந்தேகம் தீர மூன்றாவதை உடைத்தார். அது நான்கு மூட்டை வரை போனது. இப்போது எதை நம்புவது? நான்காவதும் ஐந்தாவதும் பலியாயின.

"காலையில பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்து வாங்கினோமே, அந்த ஒண்ணுதாங்க உட்கார மிச்சம்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணு போதும். கணக்குப் போட்டாச்சு. நாலாயிரம் மாமனார் உட்கார்ந்தா ஒருத்தர்தான் விழுவார்."

"உங்களுக்கு இருக்கறது ஒரே மாமனார்!"

வாசல் மணி அடித்தது. உள்ளே வந்த மாமனார், நாற்காலியை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது தாங்குமா?"

"அஞ்சை உடைச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் மாமா. தைரியமா உட்காருங்க. நான் பொறுப்பு."

மாமனார் மெல்லக் குனிந்து, கைப்பிடியைப் பிடித்து, பாதி எடையை இறக்கி, பிறகு மீதியையும் இறக்கினார். ஒன்றும் ஆகவில்லை. மகள் அப்போதுதான் மூச்சே விட்டாள். "படிச்ச மாப்பிள்ளைன்னா சும்மாவா!" என்று அவர் சிரித்தபடி நன்றாகச் சாய்ந்துகொண்டார். இன்ஜினீயருக்குப் பெருமை தாங்கவில்லை.

திறந்திருந்த கதவு வழியாக, கையில் ஒரு நாற்காலியோடு பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்.

"அக்கா, காலையில உங்ககிட்ட வாங்கின சேரைத் திருப்பிக் கொடுக்கும்போது மாத்திக் கொடுத்துட்டேன். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா! இந்தாங்க உங்களோடது. எங்களோட கால் விரிசல் விட்ட சேரைக் கொடுத்துடுங்க, தெரியாம யாராவது உட்கார்ந்து தொலைக்கப் போறாங்க!"