கல்யாண செட்டில் நான் நடத்திய தேர்தல்

ஒட்டு மீசைப் பசைக்கு ஒரு வாசனை உண்டு. சாராயமும் மரப்பிசினும் பழைய கல்யாண ஆல்பமும் ஒரே டப்பாவில் ஊறிய மாதிரி. போன மாதம் சைனிக்புரியில் மகளின் பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் போயிருந்தேன். யாரோ ஒரு அம்மா தன் பிள்ளைக்கு ராஜா மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அதே வாசனை அடித்த ஒரு கல்யாண செட்டில், ஒரு மத்தியானம் அந்தக் கையில் மெகாஃபோன் இருந்தது. கவிதை எழுதுகிறவன் கையில் மெகாஃபோனைக் கொடுக்கக் கூடாது என்று ஹைதராபாத் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

அப்போது நான் உரைநடைக் கவிதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். (இப்போதும் எழுதுகிறேன். வீட்டில் ஆள் இருக்கும்போது எழுதுவதில்லை.) வயிற்றுப்பாட்டுக்கு ஒரு தெலுங்குத் தொடரின் வசனத்தைத் தமிழாக்கும் வேலை. கதாநாயகி தெலுங்கில் வாயை மூடும் இடத்தில் தமிழிலும் மூட வேண்டும். காற்று, மழை, துக்கம் எல்லாவற்றையும் அந்த உதடுகளின் அளவுக்கு வெட்டித் தைக்கிற தையற்காரன் நான்.

அதே தொடரில் என் கௌரி அக்கா, யாருக்காவது அம்மாவாக வந்து ஓரமாக நின்று அழுவாள். அக்காவின் புருஷன் பத்மநாபன் மாமா, எல்லாக் கல்யாணக் காட்சியிலும் முன்வரிசையில் தலையாட்டும் பெரியவர். இரண்டு பேரும் ஊரிலிருந்த துணை நடிகர் சங்கம் ஒன்றில் உறுப்பினர்கள். சங்கத்தின் பழைய தலைவர் தன் மகன் வீட்டோடு இருக்கப் போய்விட, அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அக்கா. இன்னொருவர் மாமா.

அக்கா கேட்டது நாற்காலி. துணை நடிகர்களுக்குக் காட்சியில் மட்டும்தான் நாற்காலி. 'கட்' சொன்னதும் செட் ஆட்கள் வந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், உறை அழுக்காகிவிடுமாம். பிறகு அடுத்த ஷாட் வரை நிற்க வேண்டியதுதான். அந்தக் கோடையில் யசோதாம்மா என்று ஒருவர், நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்திருந்தார். அக்காவுக்கும் முட்டி வலி.

மாமா கேட்டது பெயர். தொடர் முடிந்ததும் ஓடும் பெயர்களில் அவர் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. "சமோசா குடுத்த கடைக்கு நன்றி போடறான். அந்த சமோசாவைக் கையில வெச்சுக்கிட்டு நடிச்சவன் யாருன்னு போட மாட்டேங்கறான்" என்பார்.

போலாரத்தில் அவர்கள் வீட்டில் பிரசாரம் இப்படி நடந்தது.

"நம்ம கூலிக்காரங்க இல்ல கௌரி, கலைஞருங்க. பேரு வந்துட்டா நாற்காலி தானா வரும்."

"பேரு வர்ற வரைக்கும் எங்க குந்தறது?"

"நாற்காலி கேக்கறது பிச்சை கேக்கற மாதிரி இருக்கு."

"முட்டி நோவுதுன்னு சொல்றது பிச்சையா? கொஞ்சம் கீழ தேய்ங்க."

கடைசி வாக்கியம் தைலத்தைப் பற்றியது. அக்காவின் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடியேதான் மாமா அவளைத் தோற்கடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு அன்பான எதிர்க்கட்சியை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மெகாஃபோன் என் கைக்கு வந்த நாளின் காலையில் தயாரிப்பு மேலாளர் ஒரு நிபந்தனை போட்டார். கூட்டமாக வரக் கூடாது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கோரிக்கையோடு அன்று சாயங்காலம் வரலாம். அதற்குள் தலைவர் யார் என்று முடிவாக வேண்டும்: ஒன்று நாற்காலி, அல்லது பெயர். எல்லோரும் அன்று சனத்நகரில் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகைக்குள் கல்யாண மண்டப செட்டில் இருந்ததால், சாப்பாட்டு இடைவேளையில் அங்கேயே தேர்தல் என்று ஏற்பாடு. நடத்திவைக்க நடுநிலையான ஆள் வேண்டும். வேட்பாளர்கள் இரண்டு பேரும் என் வீட்டு ஆட்கள் என்பதால் நான்தான் நடுநிலையாம்.

செட் ஆட்களும் சாப்பிடப் போயிருந்ததால் நாற்காலிகள் போட்டபடியே கிடந்தன. நான் மணவறை மேல் ஏறினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உதவி இயக்குநர் இரக்கப்பட்டு மெகாஃபோனைக் கொடுத்தார். அங்கேதான் விதி கோணலாகச் சிரித்தது.

"கௌரியம்மாவுக்கு ஆதரவு தர்றவங்க கையைத் தூக்குங்க" என்றேன்.

அத்தனை கைகளும் எழுந்தன. பட்டுச் சேலை வளையல்கள், வாடகைக் கடிகாரங்கள், மருதாணி, மோதிரம். ஒரு தோப்பே என் முன்னால் முளைத்த மாதிரி இருந்தது. மாமாவின் கையும் உயரத்தில் இருந்தது. ஒரு மனிதர் தன் மனைவிக்காகத் தன்னையே தோற்கடித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். விடுவேனா? மெகாஃபோனில் ஆரம்பித்தேன். "நாற்காலி என்பது நான்கு கால்களில் நிற்கும் ஓய்வு. பெயர் என்பது கால்களே இல்லாமல் நடக்கும் மனிதன்..."

பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த பாதிக்குப் புரியவில்லை. ஆனாலும் கைகள் தூக்கிய தூக்கில் நின்றன. என் கவிதையின் வசியம் என்று நம்பி இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

முன்வரிசையில் யாதகிரி என்ற பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கட் போலோ சாப், ஹாத் துக்ரா" என்றார். கட் சொல்லுங்கள், கை வலிக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. மெகாஃபோன் வைத்திருப்பவர் கையைத் தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும், கட் சொல்லும்வரை இறக்கக் கூடாது. இருபது வருடப் பழக்கம் அவர்களுக்கு. பதறிப்போய்க் கட் சொன்னேன். அடுத்து மாமாவுக்கு ஆதரவு கேட்டேன். மறுபடியும் அதே தோப்பு. முதலில் உயர்ந்த கை அக்காவுடையது.

"நீ ஏன்க்கா தூக்கற?"

"நீதானடா தூக்கச் சொன்ன."

சரி, புத்திசாலித்தனமாக ஏதாவது செய்வோம் என்று (இந்த நினைப்பு வரும்போதெல்லாம் நான் எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்வது நல்லது), இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்காரச் சொன்னேன். நாற்காலி வேண்டும் என்பவர்கள் இடது பக்கம், பெயர் வேண்டும் என்பவர்கள் வலது பக்கம். சிவப்பு உடுத்தியவர்கள் இடது பக்கம் போனார்கள். பச்சை உடுத்தியவர்கள் வலது பக்கம் போனார்கள். காலையிலிருந்து அவர்கள் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார். மெகாஃபோன் பிரியச் சொன்னால் வேறு எப்படிப் பிரிவார்கள்?

சரிபாதியாக நின்றது வாக்கு. அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. நடைபாதைக்கு வந்து மாமாவுக்கு எதிரே நின்றாள்.

"கண்ணியம் கண்ணியம்னு சொல்றீங்களே, யசோதா விழுந்தப்ப உங்க கண்ணியம் வந்து புடிச்சுதா?"

"நான்தானே புடிச்சேன்" என்றார் மாமா, மெதுவாக.

"அடுத்தவ விழும்போதும் நீங்களே வருவீங்களா? எல்லா செட்டுக்கும் ஓடுவீங்களா?"

சிவப்பு முணுமுணுத்தது. பச்சை எழுந்தது. யாரோ தெலுங்கில் யாருடைய மாமியாரையோ இழுத்தார்கள். சமாதானம் செய்ய நான் மணவறையிலிருந்து குதித்தேன். குதித்தேன் என்று நான்தான் சொல்கிறேன். கால் வேட்டியில் சிக்க, பிடிமானத்துக்கு வாழைமரத் தோரணத்தைப் பற்றினேன். அது தெர்மோகோல். தோரணம், பூச்சரம், மேலே இருந்த தெர்மோகோல் மயில்கள், நான், எல்லாம் ஒரே வாக்கியமாகக் கீழே வந்தோம்.

"கட். பிரமாதம்" என்றது ஒரு குரல்.

இயக்குநர். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், இவ்வளவு நல்ல கல்யாணச் சண்டையை வீணாக்குவானேன் என்று சத்தமில்லாமல் கேமராவை ஓடவிட்டிருந்தார்.

கட் கேட்டதும் செட் ஆட்கள் வந்தார்கள், நாற்காலிகளை எடுக்க. எல்லோரும் வழக்கம்போல எழுந்தார்கள். அக்கா மட்டும் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"எந்திரிம்மா, நாற்காலி எல்லாம் எடுக்கணும்" என்றார் ஒருவர்.

"நக்கோ. நான் எந்திரிக்க மாட்டேன்."

மெகாஃபோன் தெர்மோகோல் மயிலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. யாதகிரி சுற்றிலும் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு சிவப்பு. அப்புறம் இரண்டு பச்சை. பட்டு சரசரக்கும் சத்தம் கொட்டகை முழுக்க நடந்து போனது. கடைசியில் நின்றுகொண்டிருந்தது மாமா ஒருவர்தான். இயக்குநர் முன்னால் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அது மரியாதை என்பது அவர் எண்ணம். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார், நடந்துபோய் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முதுகு சாயற இடத்துலயாவது பேரு எழுதச் சொல்லு" என்றார்.

அந்த எபிசோட் ஒளிபரப்பானது. என் விழுகைக்கு நானே தமிழ் வசனம் எழுத வேண்டி வந்தது. கதையில் இந்த ஆள் யார் என்று நான் கேட்டதற்கு, மணப்பெண்ணின் பழைய காதலன் என்றுவிட்டார் இயக்குநர். (என் தொப்பையோடு.) இப்போது அந்தக் கொட்டகையில் துணை நடிகர்களுக்கென்று பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கின்றன. மாமாவின் பெயர் இன்னும் வரவில்லை, அக்கா விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டிலோ, எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "ரவியைக் கூப்பிடலாமா, இல்ல பந்தல் நிக்கணுமா?" என் மகள் இதைத் தெலுங்கிலும் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆனால் எனக்கு அந்த நாளில் மிச்சமிருப்பது சாயங்காலம்தான். மேலாளரின் அறை கொட்டகைக்கு வெளியே, முற்றத்தின் கோடியில் இருந்தது. அதுவரைதான் நாங்கள் கூடப் போகலாம். தகரக் கூரையில் வெயில் இறங்கி, துருவுக்கும் தங்கத்துக்கும் நடுவே ஒரு நிறமாகியிருந்தது. அழுகிற அம்மா வேஷத்தின் நரையோடு, பட்டுச் சேலையோடு, சங்கத்தின் புதுத் தலைவராக அக்கா வாசலில் நின்றாள். முகத்தில் பயம் தெரிந்தது. மாமா தன் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை எடுத்து அவள் நெற்றி வேர்வையை ஒற்றினார்.

"உள்ள அவங்க எல்லாம் பெரிய ஆளுங்க" என்றாள் அக்கா. "எனக்கு வாய் வருமா?"

"வரும்" என்றார் மாமா. "போனதும் மொதல்ல குந்து. அப்புறம் பேசு."