ஊமை ரேடியோவும் மாப்பிள்ளை காரும்

மலேசியாவின் ஜொகூரில் சத்தத்தை விற்றுப் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர். சத்தமே போடாமல் அதை விற்றவர் ஊமை ரேடியோ என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஒருவர்தான். கோயில் கருவறையில்கூட விளக்குத் திரி சடசடக்கும். அவர் கடையில் அதுவும் கேட்காது.

உலு திராமில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியை டியூஷன் நடத்த நான் வாடகைக்கு எடுத்தேன். கீழே கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தும் கடை என்று தெரிந்ததும் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். முதல் வாரம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பாட்டும் இல்லை, தடதடப்பும் இல்லை. கடை திவாலாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, ஆறுதல் சொல்லும் முகத்தோடு கீழே இறங்கினேன்.

உள்ளே ஒரு கார். முன்சீட்டில் ஐம்பது வயது மனிதர் ஒருவர் பூஜையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ரேடியோவின் திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பின்புறம் திறந்து கிடக்க, அங்கிருந்த ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரண்டு கம்பிகள் நீண்டு வந்து அவர் மடியில் இருந்த, மின்னழுத்தம் அளக்கும் சின்ன மீட்டரில் முடிந்தன.

"அண்ணே, ரேடியோ பாடுது, ஆனா ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்கக் கூடாது டீச்சர். ஸ்பீக்கரைக் கழட்டி வச்சிருக்கேன்."

"ஸ்பீக்கர் மாட்டுற கடையில ஸ்பீக்கரைக் கழட்டிட்டா வேலை பார்ப்பீங்க?"

"பசியாறிட்டீங்களா?" என்றார். அவர் ஊரில் அதற்குப் பெயர் பதில்.

விஷயம் எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின. ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' என்று ஒரு சின்னத் திருகு உண்டு. ரேடியோ தருவதை ஆம்ப் எவ்வளவு வாங்கிப் பெருக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். அளவுக்கு மேல் திருகினால் ஒலியின் தலை வெட்டுப்படும், ஸ்பீக்கரும் வெந்து போகும். இதற்கு அவர் வைத்திருந்த ஒரே சொல் 'கிழியுது'. காதை நம்பி வைக்கக் கூடாதாம். பென்டிரைவில் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஒலிக்கும் ஒரு டோனை வைத்துக்கொண்டு, ரேடியோவை முக்கால் சத்தத்தில் விட்டு, மீட்டரைப் பார்த்தபடி திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். பாட்டு வைத்தால் மீட்டர் ஆடும், டோன் வைத்தால் நிற்கும். முள்ளங்கி நறுக்குகிற அவசரத்தில் இதைச் செய்யும் கடைகள் வேறு இருந்தன. இவருக்கு அரை நாள் வேண்டும்.

வரும் பையன்களுக்கோ அரை நிமிடம் பொறுமை கிடையாது.

"அண்ணே, பேஸ் காவ்காவா, நெஞ்சு அதிர்ற மாதிரி வேணும். கெயினை ஃபுல்லா தொறந்து விடுங்க லா."

"அது பைப்பு இல்லடா, தொறந்து விடுறதுக்கு. வால்யூம் வேற, கெயின் வேற."

"பக்கத்துக் கடையில ஃபுல்லா வச்சுத் தராங்க."

"அங்கேயே போ. ஸ்பீக்கர் வெந்தப்புறம் இங்க வா."

வேலை முடிந்ததும் மகள் கவிதாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ரேடியோவின் சத்தக் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைப்பார். அதைத் தாண்டக் கூடாது. என் காரிலும் அந்தப் பொட்டு இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கே நான் அத்தனை கட்டுப்பாடு விதித்ததில்லை.

கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரில் எங்கே சத்தம் கிழிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. தெருத்தெருவாகப் பழைய பேப்பர் வாங்க வரும் லோரியில் 'சூராட் காபார் லாமா' என்று ஒரு குழாய் கத்திக்கொண்டே வரும். ஒரு நாள் அதை நடுரோட்டில் மறித்து, சீன ஓட்டுநருக்கு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரைச் சரி செய்து அனுப்பினார். அன்றைக்குத்தான் அந்த லோரி பழைய பேட்டரியும் வாங்குகிறது என்று எங்கள் தாமான் குடியிருப்புக்கே தெரிந்தது. அத்தனை வருடம் அந்த வாசகத்தின் பின்பாதி யார் காதிலும் விழுந்ததில்லை.

கவிதாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது பெக்கான் நானாஸில். பிரகாஷ், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் பையன். இருவரும் விரும்பித்தான் பெரியவர்கள் பேசினார்கள். பரிசம் போடும் நாளன்று பட்டு வேட்டி கட்டி, பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றார் நம்மவர். மாப்பிள்ளையின் கார் சந்து திரும்பியது. பாட்டு முன்னால் வந்தது, கார் பின்னால் வந்தது. அவர் முகம் புளியைக் கடித்த மாதிரி ஆனதை நான் பார்த்தேன். பன்னீர் தெளித்தபோது மாப்பிள்ளை மேல் பாதி, சுவரின் மேல் பாதி விழுந்தது.

"காடி வெயில்ல நிக்குது தம்பி, சாவியைக் குடுங்க, நிழல்ல போட்டுடுறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனவரைக் காணவில்லை. தட்டு மாற்றும் நேரம் வந்துவிட்டது. அவர் மனைவி சரோஜா அக்கா என் காதில், "டீச்சர், அந்த ஆளை இழுத்துட்டு வாங்க" என்றார். பற்கள் மூடியே இருந்தன.

காரின் பின்புறத்துக்குள் வேட்டி மட்டும் தெரிந்தது.

"டீச்சர், பையன் கெயினை ஃபுல்லா வச்சிருக்கான்."

"அண்ணே, அங்க தட்டோட நிக்கிறாங்க."

"நல்ல பையன்தான். ஆனா இந்தக் கிழிசலோட எம்பொண்ணு எப்படி தினம் போய் வருவா?"

இழுத்துக்கொண்டு போனேன். தட்டு மாற்றினார், சாப்பாடு போட்டார். அப்புறம் போய் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் படபடவென்று காரில் ஏறிவிட்டார்கள். இவர் வாசலில் கையை நீட்டிக்கொண்டு "காடி... காடி..." என்று தடுமாறினார். பாவம், மகளை நினைத்துக் கலங்குகிறார் என்று எல்லாரும் அவரைத் தட்டிக் கொடுத்தார்கள்.

வழியில் மாப்பிள்ளையின் அம்மா பாட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். கார் வாயைத் திறக்கவில்லை. பரிசம் போட்டுத் திரும்பும் கார் ஊமையாவது என்ன சகுனம் என்று அந்த அம்மா வழியெல்லாம் புலம்பியிருக்கிறார். வீடு போய்ப் பார்த்தால், பின்னால் எல்லாக் கம்பியும் கழன்று கிடக்கிறது. சகுனத்தையாவது மன்னிக்கலாம், மாப்பிள்ளையின் காரைப் பிரித்துப் போட்ட சம்பந்தியை எப்படி மன்னிப்பது? "கொஞ்ச நாள் ஆறப் போடுவோம்" என்று போனில் சொன்னார். கல்யாணப் பேச்சில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும்.

கவிதா அழவில்லை. "அப்பா, ஒரே ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியலையா உங்களால?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. கடை எப்போதும் போல அமைதியாக இருந்தது. ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. மேலே கணக்கு நடத்திக்கொண்டே, கீழே ஏதாவது கைதவறி விழாதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கார் பக்கத்தில் வந்து நின்றார். கையில் மீட்டரும் திருப்புளியும்.

"பெக்கான் நானாஸ் போகணும் டீச்சர். வேலை பாதியில நிக்குது."

"நீங்களும் கூடப் போங்க டீச்சர்" என்றார் சரோஜா அக்கா. "இவரு அங்க போயி மீட்டரைப் பத்தி மட்டும்தான் பேசுவாரு."

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை. கார் அதே இடத்தில் நின்றது.

"அம்மா, தப்பு என்னுதுதான். வேலையைப் பாதியில விட்டுட்டேன்."

"பாதியில விட்டதா தப்பு? தொட்டதே தப்புங்க."

"ஆமாங்கம்மா. ஆனா தொட்டுட்டேன். முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுறேன்."

பிரகாஷ் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாவியை நீட்டினான். பென்டிரைவ் ஏறியது. டோன் ஓடியது, யாருக்கும் கேட்காமல். மீட்டரைப் பார்த்தார், திருகினார், மறுபடி பார்த்தார். பிரகாஷ் மெல்லப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அங்கிள், நான்தான் வீடியோ பார்த்து மாட்டினேன். கெயின்னா வால்யூம்னு நெனச்சிட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க தம்பி. இந்த எண்ணு வந்ததும் நிக்கணும். பார்த்தீங்களா?"

"இன்னும் ஊமையாத்தான் இருக்கு" என்றார் அம்மா நாற்காலியிலிருந்து.

அந்தக் குரல் கேட்டதும் நம்மவர் மீட்டரைக் கீழே வைத்தார். ஸ்பீக்கர் கம்பியை எடுத்தார், ஆம்ப்ளிஃபயரில் செருகினார், முடுக்கினார்.

டோனை நிறுத்தவில்லை.

காரின் பின்னாலிருந்து 'ஊம்ம்ம்ம்' என்று ஒன்று புறப்பட்டது. நம்பர் பிளேட் நடுங்கியது. தபால் பெட்டியின் மூடி தானாகத் திறந்து மூடியது. அம்மாவின் காலடியில் இருந்த காப்பிக் குவளை தட்டோடு சேர்ந்து தாளம் போட்டது. மக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து, "அலமாக், கெம்பா பூமி கா?" என்று கேட்டார். நிலநடுக்கமா என்று அர்த்தம். நம்மவர் ரேடியோவை நிறுத்த முன்னால் ஓடினார், வேட்டி பின்கதவில் மாட்டிக்கொண்டது. பிரகாஷ்தான் பாய்ந்து போய் அணைத்தான்.

சத்தம் நின்றது. முதலில் அந்த அம்மாவின் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஊமைன்னு சொன்னேன். பேசிடுச்சு மக்சிக், பேசிடுச்சு" என்று மலாய்க்கார அம்மாவிடம் தமிழிலேயே சொன்னார். அவரும் என்னவென்று தெரியாமல் சிரித்தார்.

பாட்டுப் போட்டுக் காட்டினார் நம்மவர். பிரகாஷ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அம்மா எழுந்து கார் பக்கத்தில் வந்து நின்றார்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உள்ள வந்து உட்காருங்க சம்பந்தி. அன்னாசி வெட்டுறேன்" என்றார்.

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சட்டென்று குனிந்து மீட்டரின் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிய கம்பியையே அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "அண்ணே, டோனை நிறுத்தாம நீங்க ஸ்பீக்கர் மாட்டி நான் பார்த்ததே இல்லையே?"

"மறந்துட்டேன் டீச்சர்."

"நீங்களா?"

"நம்ம புள்ள விஷயம் இல்லையா" என்றார். அதற்குப் பிறகு உலு திராம் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். உண்மையில் மறந்தாரா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. கேட்டால் பசியாறிட்டீங்களா என்பார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அப்பாவும் மகளும் பேசிக்கொண்டார்கள், பேசினதற்கு மேல் அழுதார்கள். கவிதா காரில் ஏறி உட்கார்ந்ததும் பிரகாஷ் பாட்டைப் போட்டான். குமிழுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு, அவன் கை அதைத் தாண்டவில்லை. கார் நகர்ந்தபோது நம்மவர் ஒரு கையைத் தூக்கினார். நாதஸ்வரம் நின்றது. உருமிக்காரர்கள் குச்சியை அந்தரத்தில் நிறுத்தினார்கள். அழுதுகொண்டிருந்த கவிதாவின் அத்தைகூட முந்தானையை வாயில் வைத்து நிறுத்திக்கொண்டார். அத்தனை பேரும், தேய்ந்து தேய்ந்து பெரிய ரோட்டில் திரும்பிப் போகும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"என்னங்க, கிழியுதா?" என்று மெதுவாகக் கேட்டார் சரோஜா அக்கா.

"இல்ல. சுத்தமா இருக்கு" என்றார்.

அந்தக் குரல்தான் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கிழிந்திருந்தது. காதில் விழாத மாதிரி நாங்கள் எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.