மௌத்தாவதற்கு ஊர் பார்த்து வந்த நானா

கல்முனையில் நாங்கள் எல்லோரும் இங்கே பிறந்துவிட்ட குற்றத்துக்காக இங்கேயே சாகிறோம். சாவதற்கென்றே ஊர் பார்த்து, பிடித்துப்போய், வந்து குடியேறிய மனிதர் ஒருவர்தான். அவர் மௌத்து நானா. மௌத்து என்றால் எங்கள் பேச்சில் மரணம். மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம், கொழும்பு முஸ்லிம்கள் நானா என்பார்கள். அவர் கொழும்பார் என்பதால் எத்தனை வருடமானாலும் காக்காவாகவில்லை. உண்மையான பெயர் அவருடைய அடையாள அட்டைக்குத்தான் தெரியும்.

எனக்குப் பிரதான வீதியில் ஒரு கூல் ஸ்பொட் இருக்கிறது. பலூடா, ஐஸ்கிரீம், குளிர்ந்த சோடா. ஒரு சித்திரை வெயிலில் என்னுடைய டீப் பிரீசர் படுத்துவிட்டது. மெசின் திருத்துகிற உள்ளூர் பாஸ்மார் எல்லோரும் வந்து பார்த்துத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் கொழும்பிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். வந்தவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லி. இப்போதுதான் ஒரு கெட்ட செய்தி கேட்டுவிட்டு வந்ததுபோல முகம். பிரீசரின் மூடியைத் திறந்து பார்த்தார். "இன்னாலில்லாஹி" என்றார். மௌத்துச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்லும் வார்த்தை அது. எந்த பிரீசரைப் பார்த்தாலும் அவர் அதைத்தான் சொல்வார், சொல்லிவிட்டு உயிரும் கொடுத்துவிடுவார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் பிரீசருக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மௌத்து அறிவித்தல். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் வெறும் பெயரைச் சொல்லி முடித்துவிட மாட்டார்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன், இன்னாரின் சகோதரர், இன்னாரின் மாமனார் என்று சொந்தம் முழுவதையும் அடுக்கி, பட்டப்பெயரையும் சேர்த்து, கடைசியில்தான் ஆளைச் சொல்வார்கள். அதற்குள் கேட்பவருக்கு நெஞ்சு இரண்டு தடவை நின்று ஓடும். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"யாரு மௌத்தாகிய?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"மீன் வாடியில வேல செஞ்ச மனிசன் நானா."

"ஒங்கட சொந்தமா?"

"இல்ல. ரெண்டு மூணு தரம் கண்டிரிக்கன்."

"அப்ப ஏன் கடைய சாத்துற?"

"என்ன கேள்வி இது? ஜனாஸா அடக்கத்துக்குப் போகத் தேவல்லியா?"

எழுந்து வந்தார். கையில் ஸ்குரூட்ரைவரோடு என் பின்னாலேயே நடந்து, அதே ஸ்குரூட்ரைவரோடு மையவாடிக் குழியடி வரைக்கும் வந்து, முன்பின் தெரியாத மனிதருக்கு மூன்று பிடி மண்ணும் போட்டார். திரும்பும் வழியில் வேலியோரம் குந்திவிட்டார்.

"கொழும்புல எங்கட மாடில, பக்கத்து ரூம்ல ஒரு மனிசன் ஈந்தாரு தம்பி. ராவு பகல்னு இல்லாம அவர்ட டீவி பாடிட்டே ஈந்திச்சு. நான் சுவர்ல தட்டித் தட்டி ஏசினேன். கடைசில பொலிஸ் வந்து கதவ ஒடச்சாங்க. மனிசன் மௌத்தாகி எத்தனையோ நாளாம். டீவி மட்டும்தான் ஈந்திச்சு. நான் ஏசினது உசிரில்லாத ஒரு மையத்துக்கு."

எனக்கு வந்த சிரிப்பு பாதியில் செத்துவிட்டது. அன்று மாலை கொழும்பு பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது. என் கடைக்குப் பின்னால், ஒரு சுவர் தள்ளி, சாமான் அடுக்கும் அறை ஒன்று இருந்தது. அதைத் தாருங்கள் என்றார். தந்தேன். அதோடு என் வியாபாரத்துக்குப் பிடித்தது சனி.

ஊரில் எந்த ஜனாஸா நடந்தாலும் முதல் வரிசையில் நானா. பிறகு என் கடையில் வந்து உட்கார்ந்து அறிவித்தலுக்கு விமர்சனம் சொல்வார். "இண்டைக்கு சொன்னது மிச்சம் நல்லம் தம்பி. பேரப்புள்ளகள்ட பேர் வரைக்கும் வந்திச்சு." பலூடா குடிக்க வந்தவர் ஒரு தரம் இருமினால் போதும், நானா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்விடுவார். "ஒங்களுக்கு எத்தன சகோதரம்? மருமக்கள் ஈக்கா?" அந்த மனிதர் பாதிக் கிளாசோடு எழுந்து ஓடுவார். "நானா, ஆக்கள் இங்க குளிர்ச்சியா குடிக்க வாறாங்க, சொந்தம் எண்ண இல்ல" என்று நான் கத்தினால், துக்கத்தோடு தலையாட்டிவிட்டு அடுத்த மேசையைப் பார்ப்பார்.

ஒரு நாள் பள்ளிவாசல் மோதினார் கடைக்கு வந்தார். பாங்கு சொல்வதும் மௌத்து அறிவிப்பதும் அவர்தான். நானா அவருக்குத் தன் செலவில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"நான் மௌத்தானா என்னண்டு சொல்லுவீங்க?"

மோதினார் கரண்டியை வாயில் வைத்தபடி யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "கொழும்பிலிருந்து வந்து பிரிட்ஜ் திருத்தும் நானா காலமானார்."

"பொறகு?"

"பொறகென்ன, இன்னாலில்லாஹிதான்."

நானாவுக்கு உம்மா வாப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர் யாருமில்லை. கொழும்பில் வாலிபம் முழுவதையும் வாடகை அறையிலும் ஊரார் பிரிட்ஜுக்குள்ளும் கழித்துவிட்டு, கல்யாணத்தை மறந்துபோனவர். அன்று அவர் சாப்பிடவில்லை. "என்ட அறிவித்தல் ஒரு மூச்சுக்கும் காணாது தம்பி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் பாவமாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் பரீதா ராத்தாவின் பிரிட்ஜ் பழுதானது. ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. கடற்கரைப் பக்கம் வீடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஐஸ் பக்கட் விற்கிறவர். காக்காமார் ஒரு பட்டாளம், மச்சிமார் ஒரு பட்டாளம், வாய் ஒரு பட்டாளம். நானா போய்த் திருத்திவிட்டு வந்தார். அடுத்த கிழமை அது திரும்பப் படுத்தது. அதற்கடுத்த கிழமையும் படுத்தது. கொழும்பு ஹோட்டல் பிரீசர்களையே எழுப்பி நிறுத்தியவர் ஒரு சின்ன வீட்டுப் பிரிட்ஜிடம் தோற்றுக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டு வரும்போது அவர் முகத்தில் கெட்ட செய்தி கொஞ்சம் குறைந்திருந்தது.

"அவவுட சொந்தத்த சொல்லி முடிக்க மோதினாருக்கு தண்ணி குடுக்கணும் தம்பி" என்றார். எங்கே போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பெண் கேட்கத் துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். ராத்தா தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். நானா செருப்பைப் பார்த்தபடி பேசினார்.

"ராத்தா, எனக்கு ஆரும் இல்ல. நான் மௌத்தானா மைக்ல சொல்ல ஒரு பேர் வேணும். ஒங்கட பேர தந்தா மிச்சம் நல்லம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். உலகத்தில் எவனும் இதைவிட மோசமாகப் பெண் கேட்டிருக்க மாட்டான்.

ராத்தா கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "என்ட முதல் மனிசன சுனாமிக் கடல் கொண்டு போச்சி. அண்டைக்கு பள்ளியில மைக்குமில்ல, சொல்ல ஆளுமில்ல. அறிவித்தல் இல்லாட்டியும் மனிசர் மௌத்தாகத்தான் செய்யும், நானா. மௌத்தாகிற வரைக்கும் உசிரோட இரிக்க உங்களுக்குத் தெரியுமா?"

நானா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"பழகுறன்" என்றார்.

"ஓம். அப்ப போய் கையில இரிக்கிற கிரீசக் கழுவிட்டு, என்ட காக்காமாரோட கதைங்க."

காக்காமார் துள்ளினார்கள். ஊர் பேர் தெரியாதவனுக்கு எங்கட தங்கச்சியா என்றார்கள். ராத்தா ஒரு நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருந்தார், அவர்கள் அடங்கிவிட்டார்கள். நிக்காஹ் முடிந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நானா தன் சாமான் பெட்டியோடு போனார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாதது. மனிதருக்குத் தொந்தி வைத்தது. ஜனாஸாக்கள் தவறின. ஒரு தடவை அறிவித்தல் போய்க்கொண்டிருக்கும்போதே, நல்ல சூடை மீன் இன்றைக்கு எங்கே வந்திருக்கிறது என்று என்னிடம் கேட்டார். மோதினார் ஆளைக் காணோமே என்று கவலைப்பட்டார்.

ராத்தா ஒரு நாள் என்னிடம் சொன்னார். "அந்த பிரிட்ஜ் ஒரு நாளும் பழுதாகல்ல மகன். பின்னால வயரக் கழட்டிப் போட்டுத்தான் ஆள் அனுப்புவன்."

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாமலா? வந்து வயரக் குத்திட்டு, ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவார்."

அந்தச் சந்தோசம் சில வருடங்கள் இருந்தது. பிறகு ராத்தாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரி, இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம். நானா சுடுதண்ணிப் போத்தலோடு அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "எல்லா மெசினும் எனக்கு வெளங்கும் தம்பி, இது மட்டும் வெளங்குதில்ல" என்றார். எந்த பிரீசரைப் பார்த்தாலும் இன்னாலில்லாஹி சொல்கிற மனிதர், அந்த வார்த்தையை அதற்குப் பிறகு விளையாட்டுக்கும் வாயில் எடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராத்தா மௌத்தானார்.

நாங்கள் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தோம். ஒலிபெருக்கி கரகரத்தது. வாப்பாவின் மகள், உம்மாவின் மகள், இந்தக் காக்காவின் தங்கை, அந்தக் காக்காவின் தங்கை, இன்னாரின் மச்சி, இன்னாரின் மாமி. நானா சொன்னதுபோலவே அது நீண்டுகொண்டு போனது. "பரீதா உம்மா காலமானார்கள்" என்று முடிந்தது. கணவரின் பெயர் வரவில்லை.

முற்றத்தில் எல்லோரும் நானாவைப் பார்த்தோம். விபரம் சொல்லி அனுப்பிய மூத்த காக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே, அழுகையில மறந்திட்டனே!" மறந்தாரா, மனம் வரவில்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினேன். ஒரு சொல் சொன்னால் மோதினார் மறுபடி மைக்கைப் போடுவார். நானா எழுந்து வந்து ஹேண்டிலைப் பிடித்தார்.

"வேணாம் தம்பி."

"நானா, உங்கட பேர் வரல்ல!"

"கேட்டிச்சு." அவர் ஹேண்டிலை விடவில்லை. "திருப்பி சொல்றதுண்டா அவ மௌத்தாகிட்டாண்டும் திருப்பி சொல்லணுமே. ஒரு தரம் கேட்டதே தாங்க ஏலாம ஈக்குது."

நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன்.

வீடு ராத்தாவின் தங்கை மகளுக்குப் போக வேண்டியது. ஊர் வழக்கம். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே நானா சாமான் பெட்டியோடு என் பின்னறைக்கு வந்துவிட்டார். காக்காமார் வெட்கப்பட்டார்களோ என்னவோ, அந்த பிரிட்ஜை லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏற்றி வந்து இறக்கினார்கள். இனிக் கொழும்புக்குத்தான் போவார் என்று நினைத்தேன்.

"போறல்லியா நானா?"

"எங்க போற? அவ இங்கதானே இரிக்கா" என்றார். எப்போதும் 'ஈக்கா' என்கிறவர் வாயில் எங்கள் ஊர் 'இரிக்கா' வந்தது அன்றைக்குத்தான். நான் உள்ளே போய் எதையோ தேடுவதுபோல நின்றேன்.

இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் செய்து விற்கிறார். சீனி அளவு இன்னும் பிடிபடவில்லை, பிள்ளைகள் வாங்கிக்கொண்டே ஏசுகிறார்கள். அறிவித்தலைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. போன மாதம் மோதினார்தான் என்னிடம் வந்து, நானாவுக்கு ஒன்று நடந்தால் என்ன சொல்வது என்று கேட்டார். பரீதா உம்மாவின் கணவர் என்று முதலில் சொல்லுங்கள் என்றேன். அதற்குப் பிறகு என் பெயரைச் சொல்லி, அவருடைய சகோதரர் என்று சொல்லுங்கள் என்றேன்.

ஆனால் அதற்கு அவசரமில்லை. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பின்சுவரில் தட்டுகிறேன். சில நாள் பதில் பிந்தும், அப்போது இன்னும் பலமாகத் தட்டுவேன். பிறகு உள்ளேயிருந்து எரிச்சலோடு ஒரு குரல் வரும்: "இன்னும் மௌத்தாகல்ல, போய் வேலயப் பாருங்க தம்பி!"

அந்த ஏச்சைக் கேட்ட பிறகுதான் கடைக்கு விளக்குப் போடுகிறேன்.