எண்ணெய் தேய்த்தவர் ஓடமாட்டார்

அந்தக் காலத்தில் தென்காசி வட்டாரத்தில் எனக்கு நிகராகப் பேச ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான்.) அவ்வளவு பேசியும் ஒருத்தர்கூட என்னிடம் ஆயுள் காப்பீடு எடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். குத்துக்கல்வலசையிலிருந்து ரெக்சின் பையும் சைக்கிளுமாகக் கிளம்புகிற இன்சூரன்ஸ் ஏஜென்ட் நான். தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் ஏஜென்ட் இரண்டு விதிகள் வைத்திருந்தார். முதலில் ஆளைப் பயமுறுத்த வேண்டும். அப்புறம் அவரைக் கேள்வி கேட்க விடக்கூடாது. கேள்வி கேட்க விட்டால் நழுவிவிடுவார். இரண்டையும் நான் மந்திரம் மாதிரி உருப்போட்டிருந்தேன். கஷ்டம் என்னவென்றால், என் பையைப் பார்த்ததுமே ஊர் நழுவிக்கொண்டிருந்தது. பாதி இட்லியை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு.

அப்போதுதான் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தது. எனக்கு ஒரு யோசனை உதித்தது. ஐந்தருவிக்குப் போகும் வழியில் வரிசையாக எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்திருப்பார்கள். இடுப்பில் துண்டு, உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய், கண்ணைத் திறந்தால் எரியும். அப்படி உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓடுவார்? இது ஏன் எந்த ஏஜென்டுக்கும் தோன்றவில்லை என்று வியந்தபடியே சைக்கிளை மிதித்தேன்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மறுநாள் நாங்கள் செங்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அந்தப் பெண்ணைத் தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தேன். பந்தியில் யாரோ எதற்கோ சிரிக்க, அவள் மட்டும் அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். 'இவள் இல்லையென்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே இரண்டு இடம் 'பையன் ரொம்பப் பேசுதான்' என்று தட்டிப்போயிருந்தது. இவளுடைய அப்பா செங்கோட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கிறார், கறாரானவர் என்று கேள்வி. நான் அவரைப் பார்த்ததில்லை. ஒரு பாலிசியை முடித்துவிட்டுப் போனால் அவர் முன்னால் தெம்பாக உட்காரலாம் என்று நினைத்தேன்.

ஐந்தருவியில் நல்ல கனமான ஆளாகப் பார்த்து, பக்கத்தில் குத்தவைத்தேன்.

"அண்ணாச்சி, நாளைக்கே நீங்க இல்லாமப் போயிட்டியன்னு வச்சுக்கிடுங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தம்பி யாரு? எந்த ஊரு?"

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுதான். ஊரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றப் பேச்செல்லாம். நானோ நழுவப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"ஊரு கெடக்கட்டும் அண்ணாச்சி. இந்தப் பாறையில ஒரு வழுக்கு. அம்புட்டுதான். இங்கன உங்களைத் தூக்குதாங்க, அங்கன மதினி மயங்கி விழுதாங்க."

"எந்த ஊருன்னு கேட்டேன்."

"கடையைப் பூட்டியாச்சு. சொந்தக்காரன் ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த ஆள் கையை நிறுத்தினார். "யப்பா, கொஞ்சம் பொறு. அண்ணாச்சி உசுரோட இருக்கும்போதே தேய்ச்சு முடிச்சுக்கிடுதேன்."

நான் பொறுக்கவில்லை. இந்த வயதுக்காரர் வீட்டில் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருக்கும் என்று ஊகித்து, கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "வீட்டுல ஒரு பொம்பளப்புள்ள நிக்கும். தகப்பன் இல்லாத புள்ளையை எவன் வந்து கட்டுவான்? சொல்லுங்க அண்ணாச்சி, எவன் கட்டுவான்?"

அவர் வலது கண்ணை மட்டும் திறந்தார். எண்ணெய் இறங்கிக் கண் சிவந்தது. அப்படியே என்னை நெடுநேரம் பார்த்தார். "யோசிக்க வேண்டிய கேள்விதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து அருவிக்குப் போனார். (வீட்டுக்கு வந்து அம்மாவிடம் 'ஆளு விழுந்துட்டாரு' என்றேன்.)

மறுநாள் செங்கோட்டையில் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக ஒருவர் எங்களைக் கும்பிட்டு உட்கார வைத்தார். பெண்ணின் அப்பா. எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவர் எதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். வலது கண் இன்னும் சிவந்திருந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

அம்மா முந்திக்கொண்டு, "குத்துக்கல்வலசை" என்றாள்.

"அவரு சொல்லட்டும். நேத்துலேருந்து கேக்கேன்."

பிறகு சபையைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "நேத்து ஐந்தருவியில ஒரு பையன் என்னைக் கொன்னு போட்டுட்டு, ஒம்ம மகளை எவன் கட்டுவான்னு கேட்டான். ராத்திரி பூரா யோசிச்சேன். இப்ப அவனே வந்து உக்காந்திருக்கான்."

அம்மா கையில் எடுத்த கேசரி வாய்க்குப் போகவில்லை. உள் அறையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

உருப்போட்ட ஒரு வரியும் உதவிக்கு வரவில்லை. "குத்துக்கல்வலசை" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், "கண்ணு இன்னும் எரியுதா?" என்று கேட்டேன். ஏஜென்டாகி நான் ஒருவரிடம் கேட்டு, பதிலுக்கும் காத்திருந்த முதல் கேள்வி அதுதான்.

எரிகிறது என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. செத்துப்போன தம்பியைப் பற்றிச் சொன்னார். அவன் பிள்ளைகளும் தன் பிள்ளைகளும் ஒரே உலையில் சாப்பிடுவதைச் சொன்னார். தனக்குப் பிறகு அதுகளுக்கு என்ன வழி என்று ஐந்தாறு மாதமாகத் தூக்கம் இல்லையாம். "இன்சூரன்ஸைப் பத்தி யாருகிட்டயாவது விசாரிக்கணும்னு இருந்தேன். நேத்தே ஒங்ககிட்ட கேட்டிருப்பேன். நீங்க விட்டாத்தானே."

நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். அடுப்படியிலிருந்து ஒரு அத்தை, "மாப்பிள்ளைப் பையன் பேசவே மாட்டேங்காரே, நாக்குல ஏதும் கொறையோ?" என்று கவலைப்பட்டது காதில் விழுந்தது. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்பே என் முதல் பாலிசியை மாமனார் கடைக்குக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டார். அதன் பிறகு சாவைப் பற்றி நான் யாரிடமும் வாயைத் திறந்ததில்லை. எந்த ஊர் என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். மாமனார் மட்டும் கடைசிவரை மறக்கவில்லை. குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது என் தலை தெரிந்தால் போதும், "ஏட்டி, ஒன் வீட்டுக்காரர் வாராரு, நான் போயிட்டேன்னு சொல்லு" என்று மகளிடம் சொல்வார்.

அவர் இப்போது இல்லை. அந்த வேலையை அவர் மகள் எடுத்துக்கொண்டாள். வந்தவர்களிடம் நான் கொஞ்சம் நீளமாகப் பேசினால் எதிரே வந்து நின்று, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்பாள். உடனே நிறுத்திவிடுவேன். இதை அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அவள் இடது கண்ணை மூடிவிட்டாள்.