பேட்டரிக்குக் காய்ச்சல் பார்த்தவர்

திருநெல்வேலியில் மனிதருக்குக் காய்ச்சல் பார்க்க எத்தனையோ டாக்டர்கள் உண்டு. பேட்டரிக்குக் காய்ச்சல் பார்க்க இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் உண்டு. அவர் பேட்டையில் இருக்கிறார். தெர்மாமீட்டர் பாய் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

அவரோடு ஏழு வருடம் ஒரே கடையில் வேலை பார்த்தேன். பேட்டரி விற்பது, பழுது பார்ப்பது, வாரண்டிக்கு எழுதுவது எல்லாம் உண்டு. அவர் டெஸ்டிங். நான் முன்மேஜை. என் தலைக்கு மேலே 'கஸ்டமர் கேர்' என்று பலகை தொங்கும். உண்மையில், பாய் காக்க வைத்த ஆட்களின் வசவை வாங்கிக்கொள்வதுதான் என் உத்தியோகம்.

ஊரில் மற்ற கடைகளில் பேட்டரியைக் கொண்டுபோனால் மீட்டரை வைப்பார்கள், முள்ளைப் பார்ப்பார்கள், ரெண்டு நிமிஷத்தில் ஆளை அனுப்புவார்கள். பாய் முதலில் பேட்டரியின் விலாவில் உள்ளங்கையை வைப்பார். பிறகு மூடியைத் திறந்து ஆசிட்டுக்குள் கண்ணாடி தெர்மாமீட்டரை இறக்குவார். இருபத்தேழு டிகிரி இருந்தால் உண்டு டெஸ்ட். இல்லையென்றால் பின்பக்கத்து வேப்பமர நிழலில் கிடத்தி, சுற்றிலும் ஈரச்சாக்கு.

"பாய், அவசரமா சங்கரன்கோவில் போணும்."

"நீரு போவும்வே. இது வராது. இதுக்கு நாப்பத்திரண்டு இருக்கு."

பேட்டை வெயிலில் ஆடி மாதத்துக் காற்றுக்கே முப்பதுக்குக் கீழே இறங்க மனசு வராது. சித்திரையில் கேட்கவே வேண்டாம். காலையில் வந்தவர் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார். எங்களை நம்பிப் பக்கத்து டீக்கடைக்காரர் கூடுதலாக ரெண்டு பெஞ்சு வாங்கிப் போட்டார். அந்த பெஞ்சுகளில் காத்திருந்தவர்கள் பேசிப் பழகி ஒரு சம்பந்தமே முடிந்திருக்கிறது.

ஒரு தடவை கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஒருவர் சோதனைக்கு வந்தார். டை கட்டியிருந்தார், பாவம். மத்தியானம் ஒரு மணி. லோடு ஆட்டோவில் வெந்துகொண்டிருந்த நாலு பேட்டரியில் கண்ணாடிக் குழாயால் ஆசிட்டை உறிஞ்சி, குழாய்க்குள் மிதக்கும் மிதவையைப் பார்த்தார். அது கோட்டுக்குக் கீழே முங்கிக் கிடந்தது. "கஸ்டமர் ஒழுங்காக சார்ஜ் போடவில்லை. வாரண்டி கிடையாது" என்றார்.

பாய் அவர் முன்னால் போய் நின்றார். "சார், சூடு ஏறுனா ஆசிட்டு இளகிரும். இளகுனா மிதவை முங்கத்தான் செய்யும். காய்ச்சக்காரன் பெனாத்துததை வாக்குமூலமா எழுதுதீரே!"

"எவ்வளவு பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது?"

"உக்காந்து பாருமே."

இன்ஜினியர் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் டையைக் கழற்றினார். அரைமணியில் ஷூவைக் கழற்றினார். நாலாவது டீயில் அவரும் பெஞ்சில் ஒருவராகி, யாரோ ஒருவருடைய வயல் தகராறில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அதே ஆசிட்டை உறிஞ்சியபோது, கோட்டுக்குக் கீழே கிடந்த மிதவை கோட்டுக்கு ஒரு நூல் மேலே வந்து நின்றது. இன்ஜினியர் வாரண்டித் தாளில் கையெழுத்துப் போட்டார். போகும்போது ஷூவை மறந்துவிட்டுப் போனார்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் பாய் விடமாட்டார். ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தோம். கரண்டு இல்லை, இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பிரியாணி வாசத்தைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனவர், அடுப்புச் சுவரை ஒட்டி இன்வெர்ட்டர் பேட்டரி இருப்பதைப் பார்த்துவிட்டார். "ஏலே, சூட்டுல இப்பத் துள்ளுவாம்லே! ரெண்டு வருசத்துல ஆயுசு முடிஞ்சிரும்!" என்று நாலு இளவட்டங்களைப் பிடித்து, ஒயரைக் கழற்றி, பேட்டரியை முற்றத்துக்குத் தூக்கிவிட்டார். அந்த நொடியில்தான் மாப்பிள்ளை மைக்கில் சம்மதம் சொன்னார். மைக் செத்துப்போனது. கேட்கவில்லை என்று பின்வரிசை சத்தம் போட, பையன் தொண்டை கிழிய இன்னும் ரெண்டு முறை சம்மதம் சொன்னான். அந்தப் பெண் இன்றைக்கும் அவனிடம், "மூணு வாட்டி கத்திச் சம்மதிச்சீங்கள்லா?" என்று சொல்லியே காரியம் சாதிக்கிறாளாம்.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் ஒரு மார்கழி மாதத்தில் முத்துராசு வந்தான். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிறவன். தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பாதி காலி. மிச்சமிருக்கிற ஜனங்களுக்கு, ஆஸ்பத்திரி என்றால் அம்பாசமுத்திரம், வண்டி என்றால் முத்துராசுவின் ஜீப். அந்த ஜீப் விடிகாலையில் ஸ்டார்ட் ஆவதில்லை.

"வாரண்டி இன்னும் முடியல பாய், மூணு கடையில காட்டிட்டேன். எல்லாரும் பேட்டரி ஜோரா இருக்குங்காவ. செல்ஃப் மோட்டாரையும் மாத்திப் பாத்துட்டேன். தள்ளி விடலாம்னா, மேல இருக்கிறவங்க எல்லாம் அறுபது தாண்டுனவங்க. பாதித் தூரம் தள்ளுனதும் அவங்களத்தான் தூக்கணும்."

முதலாளி அண்ணாச்சி பதினொரு மணி வெயிலில் மீட்டரை வைத்தார். முள் பச்சையில் நின்றது. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி. வண்டியைப் பாரு."

முத்துராசு நகரவில்லை. "எம் பொண்டாட்டிக்கு இது ஒம்பதாம் மாசம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான்.

பாய் உள்ளேயிருந்து வந்தார். "எப்பம்லே ஸ்டார்ட் ஆகல?"

"காலைல அஞ்சு, அஞ்சரைக்கு."

"அங்கன குளிரு எப்படி?"

"பல்லு கிட்டிக்கும் பாய்."

"பொறவு இங்கன வெயில்ல வச்சுக் கேட்டா அது எப்படி நெசத்தைச் சொல்லும்? பேட்டரிய மலைக்கே கொண்டுபோய்ச் சோதிக்கணும். இல்லன்னா மலைய இங்கன கொண்டுவரணும்."

மலையைக் கொண்டுவர அவருக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. எதிர்வரிசையில் மணப்பாட்டுக்காரர் ரொசாரி அண்ணாச்சியின் மீன்கடை. வாசலில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு ஐஸ் பெட்டி.

"பாய், இது சீலா மீன் வைக்கிற பெட்டி!"

"சீலாவ ஒதுக்கி வையும்வே. சாயங்காலம் வரைக்கும் போதும்."

"ஆசிட்டுப் பட்டா எம் பொழப்பு?"

"ஒரு சொட்டு சிந்தாது. சிந்துனா மொத்த மீனையும் நானே திம்பேன்."

பாய் முத்துராசுவின் பேட்டரியை பிளாஸ்டிக் பையில் நன்றாகச் சுற்றினார். அதோடு நிற்கவில்லை. எங்கள் கடையிலிருந்து அதே ரகத்தில் புதுசு ஒன்றையும் எடுத்துச் சுற்றினார். எங்கள் முதலாளி அண்ணாச்சி பதறினார்.

"புதுசை எதுக்கு வே பாழாக்குதீரு?"

"ஐஸுல வச்சா எல்லாந்தான் சோரும்னு நாளைக்கு நீருதான் கேப்பீரு. ரெண்டும் ஒண்ணா குளிக்கட்டும். எது நடுங்குதுன்னு பாப்போம்."

சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே எடுத்தபோது, மீன்கடை வாசலில் பேட்டை ஜனத்தில் பாதி நின்றது. தெர்மாமீட்டர் ஒன்பது காட்டியது. முதலில் புதுசு. மீட்டரை அழுத்தினார். முள் கொஞ்சம் தயங்கியது, பச்சையிலேயே நின்றது. அடுத்து முத்துராசுவுடையது. முள் நிற்கவில்லை, பொத்தென்று சிவப்பில் விழுந்தது. கூட்டம் 'ச்சூ' கொட்டியது. முத்துராசு அழுவது போலவும் சிரிப்பது போலவும் நின்றான். ரொசாரி அண்ணாச்சி மட்டும் தன் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மலைப்பாதை கேட்டை இருட்டுவதற்குள் சாத்திவிடுவார்கள். பாய், ஐஸில் குளித்த புது பேட்டரியைத் துடைத்து ஜீப்பில் மாட்ட ஆரம்பித்தார்.

"பாய்! கம்பெனி வாரண்டிக்கு ஒத்துக்கிட வேண்டாமா?" என்று முதலாளி அண்ணாச்சி கத்தினார்.

"கம்பெனி பையப் பைய ஒத்துக்கிடட்டும். புள்ள காத்துக்கிட்டு இருக்குமா?"

அண்ணாச்சி ஒரு ஸ்பேனரை எடுத்தார். பிறகு தானே குனிந்து ஒரு நட்டை முறுக்கினார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து எனக்குத்தான் போன். "குளிர்நிலைச் சோதனையில் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே சோதித்தீர்கள் மேடம்?"

"தனியார் குளிர்பதன வசதி சார்" என்றேன்.

"அப்படியா, பேட்டையில் அதெல்லாம் வந்துவிட்டதா?" என்று சந்தோஷப்பட்டார். வாரண்டி கிடைத்தது. திருப்பி அனுப்பிய பேட்டரியில் சீலா வாசம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, கடை திறந்த கையோடு போன் அடித்தது. முத்துராசு. பாயிடம் கொடுக்கச் சொன்னான். பாய் வாங்கியதும், "ஒரே சாவியில எடுத்துச்சாலே?" என்றுதான் கேட்டார். முத்துராசு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"என்ன பாய்?"

"அஞ்சு மணிக்கு வலி எடுத்திருக்கு. ஒரே சாவி. அம்பாசமுத்திரம் போயிச் சேந்து கால்மணி நேரத்துல பொம்பளப் புள்ள. கொடி சுத்தியிருந்துச்சாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." எழுந்து பின்பக்கம் போனார். முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்று கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், அவர் என்ன விஷயமாக வந்தார் என்று கேட்பதற்கு முன்பே, "பொம்பளப் புள்ள வே, ரெண்டே முக்கால் கிலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் விவரம் புரியாமல் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். ஊருக்கு வந்தால் பேட்டை பஸ்ஸில்தான் ஏறுவேன். அது டவுன் வழியாகப் போகும். டவுனில்தான் எங்கள் வீடு. அங்கே இறங்காமல், நேரே பேட்டைக்குப் போய், பாயோடு ஒரு டீ குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பி வீட்டுக்குப் போகிறேன். அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது.